இசக்கிராஜாவின் வகுப்பு

கரும்பலகையைப் பார்த்து எழுத வேண்டுமென்றால் முதுகைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், பி.எட். படிக்கும்போது இதை ஒருவரும் சொல்லித்தரவில்லையே என்று நினைத்துக்கொண்டே ஹெப்சிபா கணக்கை எழுதத் தொடங்கினாள். எழுதும் கை ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் என்று அவள் இரண்டு ஆளாகப் பிரிந்து நின்றாள். கைக்கு இருபடிக் கோவை தெரியும், காரணிப்படுத்தத் தெரியும். முதுகுக்கு அதெல்லாம் தெரியாது, பயப்பட மட்டும்தான் தெரியும். தோள்பட்டைகளுக்கு நடுவில் ஓர் இடம் எந்நேரமும் குறுகுறுவென்றிருந்தது, ஏதோ ஒன்று அங்கே வந்து விழப்போவதைப் போல. பின்னால் பத்தாம் வகுப்பு ‘சி’ பிரிவு மொத்தமும் இரைந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் யாரோ மேசையைத் தாளம் போட்டுத் தட்டினார்கள். யாரோ என்ன யாரோ, தணிகைவேல்தான், அந்தத் தாளம் அவனுடையது. முதலில் மெதுவாக இரண்டு, பிறகு உள்ளங்கையால் ஓங்கி ஒன்று. அந்த ஓங்கி விழும் ஒன்றுக்காக அவள் முதுகு ஒவ்வொரு முறையும் காத்திருந்தது, விழுந்ததும் சற்றுத் தளர்ந்தது, மறுபடி காத்திருந்தது. இது அவளுடைய வகுப்பே இல்லை. இசக்கிராஜாவின் அறிவியல் வகுப்பு. அவன் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை, வரப்போவதாகவும் தெரியவில்லை. யாருக்கு அந்த நேரம் ஓய்வோ அவரைத் தலைமை ஆசிரியர் கோதண்டபாணி அனுப்பிவிடுவார், வாரத்தில் பாதி நாள் அது ஹெப்சிபாவாக இருந்தது. கணக்கு டீச்சர்தானே, எதையாவது போட்டு எழுதவையுங்கள், வெளியே விடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பார். வெளியே விடாமல் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கதவை உள்பக்கமாகத் தாழிட்ட ஒரு கூண்டு தோன்றும், கூண்டுக்குள் தானும் இருப்பது தோன்றும்.

இசக்கிராஜாவும் அவளும் ஒரே நாளில் இந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் தூத்துக்குடிப் பக்கம், அவள் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில். தென்கோடியிலிருந்து கலந்தாய்வில் இடம் எடுத்து அரக்கோணத்துக்கு இந்தப் பக்கம் வந்து இறங்கியவர்கள், ஊர்ப்பேச்சு பேச இருவருக்கும் வேறு ஆளில்லை. முதல் வாரம் பிள்ளைகள் அவளை நீ என்று கூப்பிட்டபோது அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இந்தப் பக்கம் அப்படித்தான் டீச்சர், மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை, அம்மாவைக்கூட நீ என்றுதானே கூப்பிடுகிறோம் என்று சமாதானம் சொன்னது அவன்தான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு சமாதானம் இருந்தது. சேர்ந்த புதிதில், இதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, வகுப்பறைக்குள் பாம்பு வந்தது. சாரைப்பாம்புதான், விஷமில்லாதது, பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைத்தால் அங்கிருந்து கிளம்பி வருமாம். அவள் நாற்காலியின் மேல் ஏறி நின்றுவிட்டாள். பையன்கள் பெஞ்சைத் தூக்கிப் பாம்பின் நடுவில் போட்டு அதன்மேல் ஏறிக் குதித்தார்கள். செத்த பிறகும் அடித்தார்கள். தலை எது உடம்பு எது என்று தெரியாமல் நைந்துபோன பிறகும் செருப்பைக் கழற்றி அடித்தார்கள், சிரித்துக்கொண்டே அடித்தார்கள். தணிகைவேல் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, செத்துடுச்சி மிஸ், நீ பயப்படாத, எறங்கு என்றான். அவள் இறங்கினாள். அவனுக்கு நன்றிகூடச் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோதுதான், பாம்பு செத்த பிறகு விழுந்த அடிகளைத் தான் நிறுத்தச் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. நிறுத்தச் சொல்லத் தோன்றவே இல்லை. அவர்கள் அடிக்க அடிக்க அவள் கால் நடுக்கம் நின்றுகொண்டே வந்தது, அதுதான் உண்மை.

முதல் காரணியை எழுதி அடைப்புக்குறியைப் போட்டாள். தாளம் நின்றது. நின்றால் இன்னும் மோசம், கை வேறு வேலைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். திரும்பிப் பார்க்கலாமா, பார்த்தால் பயந்தது தெரிந்துவிடும், பார்க்காவிட்டால் பயத்தில் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். கழுத்தின் பின்புறம் வியர்வை இறங்கியது. இசக்கிராஜாவுக்கும் இப்படி முதுகில்தான் முதலில் விழுந்தது. சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் குனிந்து வண்டியின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவன் முதுகில் சைக்கிள் செயின் விழுந்திருக்கிறது, திரும்பியவன் தாடையில் அடுத்தது. வகுப்பில் வைத்துத் தணிகைவேலின் செல்போனைப் பிடுங்கினான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அவள் மாடியிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். செயின் சத்தம் என்று தெரியாமல், யாரோ வாளியைக் கிணற்றில் இறக்குகிறார்கள் என்று நினைத்தாள், இந்தப் பள்ளிக்கூடத்தில் ஏது கிணறு என்றுகூட யோசித்தாள். பிறகுதான் ஓடினாள். அவன் முழங்காலில் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தான், மண்ணில் கையால் துழாவித் துழாவித் தேடினான், பல்லைத் தேடுகிறான் என்று தெரிய அவளுக்கு நேரமாயிற்று. சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. மறுநாள் காலையில் பார்த்தபோது அந்த இடத்தில் யாரோ மணலைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள், பிள்ளைகள் அதன்மேல் சைக்கிளை நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போனார்கள். போலீசுக்குப் போக வேண்டாம், பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுவிடும், பையனுக்கும் எதிர்காலம் இருக்கிறது என்று கோதண்டபாணி சார் பஞ்சாயத்து பேசினார். தணிகைவேலுக்கு அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். மாமன் குவாரியில் கல் உடைக்கிறவர். தலைமை ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்க்க, அந்த ஆள் இடுப்பு பெல்ட்டை உருவிப் பையனை அடித்தார். பக்கிள்ஸ் இருக்கும் பக்கமாக அடித்தார். கோதண்டபாணி சார் டீ குடித்துக்கொண்டிருந்தார், தம்ளரைக் கீழே வைக்கவில்லை. தணிகைவேல் ஒரு சத்தம் போடவில்லை, சுவரில் முகத்தை வைத்து நின்றான். தாடையில் கட்டோடு உட்கார்ந்திருந்த இசக்கிராஜா திடீரென்று எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தான்.

அவன் போன அன்று அவள் அரக்கோணம் ஸ்டேஷன் வரைக்கும் போனாள். தாடை இன்னும் சரியாகத் திறக்கவில்லை, பேச்சு பல்லுக்குள்ளேயே கிடந்தது. நாம ரெண்டு பேரும் சேர்ந்து இருந்து பார்த்திடலாம் என்று சொன்ன ஆள் நீங்கள்தானே, ஒரு அடிக்காகவா போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. அவன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி வரும் சத்தம் கேட்ட பிறகுதான் சொன்னான். “அந்தப் பய அடிச்சதுக்காகப் போகல டீச்சர். அவன் மாமன் பெல்ட்ட எடுத்து அடிக்கையில எனக்கு நல்லா இருந்துச்சு. இன்னும் ரெண்டு போடு, இன்னும் ரெண்டு போடுன்னு உள்ள ஒருத்தன் கெடந்து சொல்லுதான். அவன எனக்கு யாருன்னே தெரியல. இங்க இருந்தா அவன்தான் இருப்பான், நான் இருக்க மாட்டேன்.” வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவன் கையை ஆட்டவில்லை. இப்போது எங்கேயோ உரக் கடையில் கணக்கு எழுதுகிறானாம். அவள் அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் மேல் கோபப்பட்டுக்கொண்டே வந்தாள். கோழை, சாக்குச் சொல்கிறான், என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக ஒரு அழகான காரணம் கண்டுபிடித்திருக்கிறான். அவளுக்கும் போகத் தெரியும். மார்த்தாண்டத்தில் ஒரு கான்வென்டில் கணக்கு டீச்சர் வேண்டுமாம், அம்மா சபையில் யாரிடமோ பேசி வைத்திருக்கிறாள், தினமும் போனில் அதே பேச்சு. மக்ளே, நீ இஞ்ச வந்திரு, அங்க கெடந்து சாவாண்டாம். சர்க்கார் வேலையை விட்டுவிட்டு வந்தால் ஊர் சிரிக்காதா என்றால், நீ உசுரோட வந்தா சிரிக்கட்டும் என்கிறாள். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கான்வென்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடலாம், வருகிறேன் என்று சொல்லிவிடலாம். அங்கே பிள்ளைகள் காலில் ஷூ போட்டுக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். அங்கே முதுகு வெறும் முதுகாக இருக்கும்.

இரண்டாவது அடைப்புக்குறியைத் திறந்தபோது அது வந்து விழுந்தது. கழுத்துக்குக் கீழே, அவள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்த அதே இடத்தில். சாக்பீஸ் துண்டுதான், சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை, வலிக்கவே இல்லை. வகுப்பு ஒரு கணம் மூச்சை அடக்கிப் பிறகு வெடித்துச் சிரித்தது. அவள் திரும்பினாள். திரும்பினாள் என்பதுதான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எதிரில் ஒருவன் நின்றான், மேடைக்குப் பக்கத்தில், கையில் சாக்பீஸ் துண்டோடு. அவள் கை போனது. கன்னத்தில் விழுந்த முதல் அறை, ஈரத்துணியைக் கல்லில் அடித்ததைப் போல ஒரு சத்தம். இவ்வளவு சத்தம் என் கையிலிருந்தா என்று உள்ளே எங்கேயோ ஒருத்தி ஆச்சரியப்பட்டாள். ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்தது விழுந்தது, இந்த முறை காதோடு சேர்த்து. பாம்பு, செயின், பல்லைத் தேடிய கை, டீ தம்ளர், நீ என்று கூப்பிட்ட அத்தனை வாய்கள், இரண்டு வருஷமாகத் தூக்கம் வராத ராத்திரிகள் எல்லாம் தோளிலிருந்து வழிந்து கைக்கு வந்தன. சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு அவனைச் சாய்த்தாள். மறுபடி அறைந்தாள். நல்ல வெயிலில் தண்ணீர் குடிப்பதைப் போல இருந்தது. அடிபடுகிற முகம் யாருடையது என்று அவள் பார்க்கவில்லை, அது முகமாகவே இல்லை, கை போய் விழ வேண்டிய இடமாக இருந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கை தானாகவே பின்னால் போய்த் திரும்பி வந்தது. அப்போது அந்தக் கையை யாரோ பிடித்தார்கள். இரும்பு மாதிரி ஒரு பிடி. “வுடு மிஸ்ஸு. அவன் இல்ல. அவன் கீழ கெடந்தத எடுத்துக் குடுக்க வந்தான். நான்தான் போட்டேன்.” தணிகைவேல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவ்வளவு கிட்டத்தில் அவள் அவனைப் பார்த்ததே இல்லை. புருவத்துக்கு மேலே பக்கிள்ஸ் பட்ட தழும்பு கருத்துக் கிடந்தது. பிடியை விடாமலே முகத்தை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவனுக்குப் பயமா, என்னைப் பார்த்தா பயம், என்று அவள் நினைத்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றவன் புருஷோத்தமன். முன் பெஞ்சுக்காரன், அண்ணனுடைய பழைய சட்டையை முழங்கை வரை மடித்துப் போட்டுக்கொண்டு வருகிறவன். இந்த வகுப்பில் அவள் எழுதிப் போடும் கணக்கைப் போட்டுப் பார்க்கிற ஒரே பிள்ளை.

வாசலில் மங்கையர்க்கரசி டீச்சர் நின்றார். சமூக அறிவியல், இந்தப் பள்ளிக்கூடத்திலேயே மூத்தவர், பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் கேட்டு வந்திருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தணிகைவேல் ஒரு டீச்சரின் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நிற்கிறான். அவர் போட்ட கூச்சலில் கோதண்டபாணி சார் ஓடி வந்தார், உடற்கல்வி ஆசிரியர் வந்தார், தணிகைவேலைக் கழுத்தைப் பிடித்து வராந்தாவுக்குத் தள்ளினார்கள்.  நடந்ததைச் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்று சுவரைப் பார்த்து நின்ற மாதிரியே வராந்தாச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். இன்றைக்கே டி.சி.யைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடலாம், இந்த முறை ஒருவரும் பஞ்சாயத்துக்கு வர முடியாது என்றார் தலைமை ஆசிரியர். அவர் முகத்தில் ஒரு பெரிய பாரம் இறங்கிய தெளிவு இருந்தது. பிறகு ஹெப்சிபாவை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், நானே மேலே பேசுகிறேன், மாணவனால் தாக்கப்பட்ட ஆசிரியை என்றால் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் உடனே கிடைக்கும், வேலையும் போகாது, நீங்கள் ஊருக்கே போய்விடலாம் என்றார். ஊருக்கே. கான்வென்ட் வேண்டாம், வேலையை விட வேண்டாம், ஊர் சிரிக்காது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதில் விழும் மழைச் சத்தம், அம்மா போடும் பால் விடாத கட்டன் சாயா. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும், அவர்கள் பார்த்ததை அவர்களே நம்பிக்கொள்வார்கள். அவன்தான் இசக்கிராஜாவை அடித்தானே, அதற்குப் பள்ளிக்கூடம் என்ன தண்டனை கொடுத்தது, இதை அதற்கென்று வைத்துக்கொண்டால் என்ன. கணக்கு சரியாகத்தானே வருகிறது, இந்தப் பக்கத்தில் இருப்பதை எடுத்து அந்தப் பக்கத்தில் போட்டால் சமன்பாடு நேராகிவிடுகிறது. அவள் நாக்கு அசையாமல் கிடந்தது.  வகுப்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, அத்தனை பிள்ளைகளும் நடந்ததைப் பார்த்தவர்கள், ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் என்ன முடிவு செய்கிறார்களோ அதுதான் நடந்தது என்று ஏற்றுக்கொள்ளப் பழகிய முகங்கள்.  “அவன் என்னை அடிக்கல சார்,” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. “நான்தான் புருஷோத்தமனை அடிச்சேன். தப்பான ஆளை அடிச்சேன். அவன் என் கையைப் பிடிச்சு நிறுத்தினான்.”

திட்டுவார், விளக்கம் கேட்பார், மேலே எழுதுவேன் என்பார் என்று அவள் தயாராக நின்றாள். கோதண்டபாணி சார் அவளையும் புருஷோத்தமனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவ்வளவுதானா என்றார். அடச்சே, இதுக்கா இத்தனை கலாட்டா என்று உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தார். கைபடாமல் வகுப்பு எடுக்க முடியுமா, வெளியில் மட்டும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், தலையில் காதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தோழமையோடு சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதில்லை. மங்கையர்க்கரசி டீச்சர் போகும்போது அவள் தோளைத் தட்டினார். “நானும் மொத ரெண்டு வருஷம் தெனம் அழுதுக்கினு கெடந்தவதான். உனக்குக் கைவந்துடுச்சிமா. இனிமே நீ எங்கயும் போகமாட்ட.” எல்லோரும் போன பிறகு வகுப்பு அமைதியாக இருந்தது. இப்படி ஓர் அமைதியை இந்தப் பிள்ளைகள் அவளுக்குக் கொடுத்ததே இல்லை. மின்விசிறியின் கறகறப்புகூடக் கேட்டது. தணிகைவேல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான், மேசையைத் தட்டவில்லை. அவள் சாக்பீஸை எடுத்து விட்ட இடத்திலிருந்து கணக்கை முடித்தாள். முதுகு குறுகுறுக்கவில்லை, அந்த இடம் மரத்துப்போன மாதிரி சுகமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லாத் தலைகளும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தன. உள்ளங்கை இன்னும் எரிந்தது, அந்த எரிச்சல் அவளுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு சுலபமா, இதற்காகவா இரண்டு வருஷம் தூக்கம் கெட்டேன், தினம் ஒருவனை இப்படி அடித்தால் போதும், பாடம் நடக்கும், பிள்ளைகள் தேறுவார்கள், நானும் இருந்துவிடலாம், இருபது வருஷம் இருக்கலாம், முப்பது வருஷம் இருக்கலாம். புதிதாக எவளாவது அழுதுகொண்டு வந்தால் தோளைத் தட்டிச் சொல்லலாம். இந்த நினைப்பு எங்கேயும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது, போய் ஓரிடத்தில் இடித்து நின்றது. புருஷோத்தமன் எழுதவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதுக்குள் தண்ணீர் போனவனைப் போல ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய், எழுதலையா என்று மெதுவாகக் கேட்டாள். அவன் கரும்பலகையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்துப் பையன் இடித்த பிறகுதான் நிமிர்ந்தான். எந்தக் காது என்று தெரிந்துகொள்ள வேண்டும், நல்ல காதைப் பொத்திவிட்டு இந்தப் பக்கம் பேசிப் பார்க்க வேண்டும் என்று அவள் கையை அவன் முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு, தோள்களுக்குள் கழுத்தை இழுத்து, பெஞ்சின் ஓரத்துக்குச் சுருண்டான். கை அந்தரத்தில் நின்றது. உடம்பில் இத்தனை நேரம் இருந்த சுகமெல்லாம் காலடி வழியாக இறங்கித் தரைக்குள் போய்விட்டது. இதை நான் பார்த்திருக்கிறேன், தெருநாய்கள் இப்படித்தான் சுருளும், நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காது, கை எழும்பினால் போதும். அடிக்க மாட்டேன் என்றாள். அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. மெல்ல, மிக மெல்ல அவன் வலது காதைத் தன் உள்ளங்கையால் மூடினாள், இடது பக்கம் குனிந்து, உன் பேர் என்ன என்று கேட்டாள். அவன் கண்ணைத் திறந்து எதிரே பார்த்தபடியே இருந்தான். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

மணி அடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, அவன் பையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரிக்கா, அங்கே யார் அடித்தது என்று கேட்பார்கள், பெரிய விஷயமாகிவிடும், நல்லெண்ணெய் காய்ச்சி விட்டால் சரியாகிவிடும் என்று கோதண்டபாணி சார் வாசல்வரை பின்னாலேயே வந்தார். கடைசியில் அவர் குரலில் இருந்த பிரியம் முழுக்கப் போய்விட்டது, உங்களை யாரும் காப்பாற்ற முடியாது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பஸ்ஸில் புருஷோத்தமனை ஜன்னலோரம் உட்கார வைத்து, கேட்கும் காது தன் பக்கம் இருக்குமாறு உட்கார்ந்தாள். அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். குவாரிப் பக்கம் போகும்போது, அம்மாகிட்ட சொல்லாத மிஸ், மிஸ்கிட்ட இன்னாடா தப்பு பண்ணேன்னு அதுவும் அடிக்கும் என்றான். சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் அடிக்க விட மாட்டேன் என்றாள். விட மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று உடனே தோன்றியது. மனசு அவளை விட்டுவைக்கவில்லை. வேலை போகும், போனால் போகட்டும், போனால் ஊருக்குப் போய்விடலாம், ஆகா, அப்போதும் ஊருக்குத்தானா, எந்த வழியில் சுற்றினாலும் அங்கே போய்த்தான் நிற்கிறாய். அம்மாவின் போன் வந்தது. கான்வென்டிலிருந்து கேட்கிறார்கள் மக்ளே, என்ன சொல்லட்டும் என்றாள் அம்மா. வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல், என்னை இங்கிருந்து துரத்தினால் துரத்தட்டும், நானாக வர மாட்டேன் என்று ஹெப்சிபா சொன்னாள். ஏன் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், இவள் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். நான் போனாலும் இந்தக் காது இங்கேதான் இருக்கும், இந்தக் காதை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது. இசக்கிராஜா போகும்போது அவன் கை சுத்தமாக இருந்தது, அவனால் போக முடிந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வயசுப் பெண்ணாக இருந்தார், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது, கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. புருஷோத்தமனை ஸ்டூலில் உட்காரவைத்து, காதுக்குள் விளக்கை விட்டு நெடுநேரம் பார்த்தார். ஹெப்சிபா பக்கத்தில் நின்று அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடலில் அவள் விரல்கள் நாலும் சிவந்து தடித்திருந்தன, அவளுடைய கை அங்கே கழற்றி வைத்ததைப் போல அப்படியே இருந்தது. காது ஜவ்வு கிழிந்திருக்கிறது, தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் தானாகவே மூடிக்கொள்ளலாம், மூடாவிட்டால் வேலூருக்குத்தான் போக வேண்டும், கேட்கும் சக்தி பாதியாவது திரும்ப வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிறகு பேனாவை எடுத்து, புருஷோத்தமனுக்குக் கேட்கும்படி வலது பக்கம் குனிந்து, எப்படி ஆச்சு என்று கேட்டார். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வெளாடும்போது விழுந்துட்டேன் மேடம் என்றான். தடுக்கல் இல்லாமல், மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதைப் போலச் சொன்னான். இதைச் சொல்லி அவனுக்குப் பழக்கம் இருந்தது, வேறு எங்கெங்கோ, யார் யாருக்காகவோ சொல்லியிருக்கிறான். டாக்டர் எழுதத் தொடங்கினார். எழுதட்டும், அவனே சொல்கிறானே, அவனே என்னை விட்டுவிடுகிறானே என்று ஒருத்தி உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். ஹெப்சிபா அவளை நன்றாகப் பார்த்தாள். “விழல டாக்டர். நான் அடிச்சேன். நான் இவனோட டீச்சர்.” பேனா நின்றது. டாக்டர் நிமிர்ந்தார். புருஷோத்தமன் ஸ்டூலில் மெல்லத் திரும்பி, அடி விழுந்தபோதுகூட நிமிர்த்தாத கண்களை நிமிர்த்தி அவளைப் பார்த்தான்.